தள்ளி உட்கார்ந்த தெரு

அம்பாரத் தெருவில் வீடுகள் தள்ளி உட்கார்ந்தது நல்ல உச்சிவெயிலில், தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்த காரியம். என்றாலும் அன்றைக்குச் சாளை மீன் கூடை கூடையாக வந்து சல்லிசாகப் போன நாள் என்பதால், சாயங்காலம் குழாயடியில் பெண்கள் சாளையைப் பற்றித்தான் முதலில் பேசினார்கள், வீடுகளைப் பற்றி அதற்கப்புறம்தான் பேசினார்கள்.

உப்பளங்களைப் பார்த்தபடி ஒரே வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது. மேற்கே ரயில் தண்டவாளம். தண்டவாளத்தை ஒட்டித் துரைப்பழம் முதலாளி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகள். அப்புறம் உப்பளத்துச் சனங்கள் அவரவர் கையால் கட்டிக்கொண்ட வீடுகள், நடுவில் ஓர் இசக்கியம்மன் கோயில், மறுபடி வீடுகள், கிழக்கே கடைசியாக மினிபஸ் கண்டக்டர் பேரின்பத்தின் வீடு. அந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அதே துரைப்பழம் முதலாளியின் பங்களா. முதலாளியின் அப்பா கட்டியது. தூண் என்ன, போர்ட்டிகோ என்ன, மாடியில் கடல் பார்க்கும் அறை என்ன! முதலாளி டவுனில் வேறு வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. புறாக்கள் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன.

பேரின்பத்தைப் பற்றிச் சொல்வதென்றால் ஒன்று சொன்னால் போதும்: பஸ் நிறைந்துவிட்டது என்ற பேச்சு அந்த மனுஷன் வாயில் வந்ததே கிடையாது. மூன்று பேர் சீட்டில் நாலு பேரை உட்கார வைப்பார், நாலு பேர் உட்கார்ந்தால் அவர்கள் மடியில் பிள்ளைகளை வைப்பார், பிள்ளைகள் மடியில் பைகளை வைப்பார், மீன்கூடையை சீட்டுக்குக் கீழேயும் ஆட்டுக்குட்டியை டிரைவர் காலடியிலும் திணித்துவிட்டு, அதற்கு மேலும் ஸ்டாப்பில் ஒரு கிழவி கை காட்டினால், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள போ, உள்ள போ, தள்ளி உக்காரு, எடம் கெடக்கு பாரு" என்று ஒரு சத்தம் போட்டு விசிலை ஊதினாரானால், இடம் வந்துவிடும். எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. வந்துவிடும்.

அன்றைக்குக் காலை டிரிப்புகளை முடித்துவிட்டுச் சோற்றுக்கு வந்தவர், தெரு நடுவில் ஓர் ஆட்டுரல் கிடப்பதையும், அதன்மேல் லைன் வீட்டில் குடியிருந்து உப்பளத்தில் உப்பு வாருகிற சேர்மக்கனி கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். பக்கத்தில் தகரப்பெட்டி, அரிசிப்பானை, சாமிப்படம், பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அவள் மாமியார்.

"என்னம்மா இது, நடுத்தெருவில கடை போட்டிருக்க?"

"மொதலாளி குடோன் கட்டப் போறாராம் அண்ணாச்சி. மழை கழியட்டும்னு கெஞ்சுனேன். ஆள் அனுப்பிப் பானையத் தூக்கி வெளிய வச்சிட்டாரு."

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டி முடித்ததும் ஒவ்வொருவராகக் காரணம் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்னொருவர் வீட்டில் ஒழுகியது. கோயிலுக்கு மேற்கே இருக்கும் லிங்கத்துரை, உப்புக் கணக்குப் பார்க்கிறவர், தெருவிலேயே தரையில் டைல்ஸ் பதித்த ஒரே ஆள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் கூப்பிட்டிருப்பேன் கண்டக்டரே, வீட்டுல பீரோ ஒண்ணு கெடக்கு பாத்துக்கிடும். எடமில்ல" என்றார்.

அந்த 'எடமில்ல' பேரின்பத்தின் காதில் விழுந்த விதம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பசியும் வெயிலும் சேர்ந்து தலைக்கேறியிருந்த நேரம். "எவம்ல அது எடமில்லன்னு சொன்னது?" என்று திரும்பியவர், லிங்கத்துரை வீட்டுச் சுவரில் பழக்கதோஷத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள போ, உள்ள போ, தள்ளி உக்காரு!" என்று கத்தி விசிலை ஊதிவிட்டார்.

லிங்கத்துரையின் வீடு இடுப்பை லேசாகத் தூக்கி, பஸ் சீட்டில் கிழவி ஒருத்தி முனகிக்கொண்டே நகருவாளே அந்த மாதிரி, உடம்பை ஒரு சாண் ஒடுக்கிக்கொண்டு கிழக்கே தள்ளி உட்கார்ந்தது. அது இடித்ததில் அடுத்த வீடு ஒடுங்கித் தள்ளி உட்கார்ந்தது, அடுத்த வீடு இடித்ததில் அதற்கு அடுத்தது, அப்படியே கோயில் வரைக்கும் போயிற்று. கோயில் மட்டும் கொஞ்சம் யோசித்தது. பிறகு உள்ளே இசக்கியம்மன் தொங்கவிட்டிருந்த காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள், கோயிலும் ஒரு சாண் ஒதுங்கியது. அதற்கப்புறம் கேட்கவேண்டுமா, அம்மனே ஒதுங்கியபின் எந்த வீடு முறுக்கிக்கொண்டு நிற்கும்? எங்கோ ஒரு சொம்பு உருண்டது. ஒரு கோழி கத்தியது. அவ்வளவுதான். லிங்கத்துரை வீட்டுக்கு மேற்கே ஒரு வீடு கொள்ளும் அளவுக்கு வெறும் மண் தெரிந்தது, நண்டு வளை ஒன்றோடு.

முதலில் எழுந்தது சேர்மக்கனிதான். பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அந்த இடத்துக்குள் போய் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். "அடுப்ப இந்த மூலையில வச்சிக்கிடுதேன். புகை லிங்கத்துரை அண்ணாச்சி வீட்டுப் பக்கம் போவாது" என்றாள்.

அப்புறம் தெரு சும்மா இருக்குமா? ஒருவர் பனங்கட்டை கொண்டுவந்தார், ஒருவர் மாட்டுத்தொழுவத்துக்கு வைத்திருந்த கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்று மேஸ்திரி வேலை பார்த்தாள், உச்சுக்கொட்டிய வாய்களெல்லாம் ஓலை முடைந்தன. பொழுது சாய்வதற்குள் சேர்மக்கனி வீட்டில் சாளைக் குழம்பு கொதித்தது.

ஒரு சாண் போனது போனதுதான். அதைத் தெரு எப்படிச் சமாளித்தது என்றால், முணுமுணுத்துக்கொண்டே சமாளித்தது. கட்டிலின் காலை அறுத்தார்கள். நீட்டிப் படுத்தவர்கள் முழங்காலை மடக்கிப் படுத்தார்கள். இப்படிப் படுத்தால் முதுகுவலி போகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள், எல்லோருக்கும் முதுகுவலி போயிற்று. புருஷன் பெண்டாட்டி சண்டையில் கையை ஓங்க இடம் போதாமல் வாயோடு நின்றது. லிங்கத்துரையின் பீரோ மட்டும் எந்தச் சுவரிலும் நிற்க மறுத்ததால் வாசலில் வந்து நின்றது, மழைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. ஊரே தன் பீரோவைப் பார்க்கிறதே என்று முதலில் கூசினவர், ஊரே தன் பீரோவைப் பார்க்கிறதே என்று பிறகு பெருமைப்பட்டார்.

முதலாளி லைன் வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தார். காலி செய்ததை இடித்துத் தகரவேலி போட்டார். அவர் மேற்கே ஒரு வீட்டை இடித்தால், தெரு நடுவே ஒரு வீட்டுக்கு இடம்விட்டது. பேரின்பம் சோற்றுக்கு வருகிற நேரத்தில்தான் தட்டவேண்டும், விசில் ஊதவேண்டும் என்று அதற்கு ஒரு முறைமையே ஏற்பட்டுப்போனது. தட்டுவதற்கு முன்னால் பெண்கள் வீட்டுக்கு வீடு போய், "அடுப்புல பால் இருந்தா எறக்கி வச்சிக்கிடுங்க, ஆள் ஏறுது" என்று சொல்லிவிட்டு வருவார்கள். சேதி பரவி, ஓடைக்கரையில் குடிசை பறிபோனவர்கள் வந்தார்கள், புருஷன் விரட்டிவிட்ட ஒரு பெண் தையல் மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். யாரையும் எங்கே போகணும் என்று தெரு கேட்கவில்லை. ஏறிக்கொள் என்றது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே தலைமயிர் நரைத்துப்போன சந்தனத்தைப் பேரின்பமே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவனுக்கும் ஒரு வீடு எழும்பியது. ஆனால் நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது என்று சந்தனம் வாசலுக்கு வெளியே மண்ணிலேயே படுத்தான். உள்ளே போ என்று யாரும் அவனை நெருக்கவில்லை. சாயங்காலமானால் யாராவது இரண்டு பேர் சோற்றுத் தட்டோடு அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிச் சத்தமாகச் சிரித்துவிட்டு வருவார்கள். தன் வீட்டுக்குள் என்ன அப்படிச் சிரிப்பு என்று சந்தனம் முதலில் தலையை நீட்டினான், அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்தான், ஒரு மழை நாளில் உள்ளே போய், "வே, அந்தக் கதைய நடுவுலயிருந்து சொல்லாதேயும், மொதல்லயிருந்து சொல்லும்" என்றான். அதற்கப்புறம் அவன் வெளியே படுக்கவில்லை.

முதலாளி மனுக்கொடுத்து ஒரு சர்வேயர் வந்தார். தண்டவாளத்திலிருந்து பங்களாச் சுவர் வரைக்கும் டேப்பைப் பிடித்து அளந்தார். பழைய வரைபடத்தில் என்ன நீளமோ அதே நீளம். வீடுகளோ முன்னைக்கு ஒன்றரைப் பங்கு. மறுபடி அளந்தார். அதே நீளம். நன்னாரி சர்பத் ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு, "எப்படிவே இது?" என்றார்.

"எல்லாரும் மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருக்கோம் சார்" என்றார் லிங்கத்துரை.

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு தப்பு நடந்துபோயிற்று, கண்டக்டர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணுக்குப் படிக்கட்டில் தொங்குகிறவன் தெரியமாட்டான். தெரு கிழக்கே தள்ளித் தள்ளி உட்கார்ந்ததில், ஒவ்வொரு சாணும் கடைசியில் வந்து சேர்ந்தது பேரின்பத்தின் வீட்டில்தான். ஒரு பக்கம் தெரு முழுவதும் நெருக்க, மறுபக்கம் பங்களாவின் கருங்கல் காம்பவுண்டு அசையாமல் நிற்க, நடுவில் அது சப்பையாகிக்கொண்டிருந்தது. முதலில் ஜன்னல் போயிற்று. பிறகு நடுச்சுவரில் மேலிருந்து கீழே பிளவு ஓடியது. பின்வாசல் கதவு நிலையில் சிக்கித் திறக்கமாட்டேன் என்றது. பேரின்பம் பிளவின் மேல் காலண்டரை மாட்டினார். பிளவு காலண்டருக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

"ஊரையெல்லாம் ஏத்திட்டு நம்ம வீட்டப் படிக்கட்டுல தொங்க விட்டுட்டியளே" என்றாள் அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பம். இட்லிப்பானையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அடுக்களைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். "இன்னும் ஒரு சாண் தள்ளுனா நான் இந்தச் சுவத்துல படமாத்தான் தொங்கணும். பொட்டு வச்சிக் கும்பிடுங்க."

"யார்கிட்டயும் சொல்லாத."

"நான் என்னத்தச் சொல்ல? வீடு சாயிறது ஊருக்கே தெரியுது."

தெரிந்துதான் இருந்தது. அதனால்தான், மீதி இருந்த லைன் வீடுகள் அத்தனையையும் ஒரே வீச்சில் இடிக்க முதலாளி மஞ்சள் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தக் குடும்பங்களெல்லாம் சட்டிபானையோடு தெருவுக்கு வந்த பகலில், பெண்கள் யாரும் பாலை இறக்கச் சொல்லி வீடு வீடாகப் போகவில்லை. எல்லோரும் கோயில் முன்னால் கூடி நின்றார்கள், பேரின்பம் வந்தபோது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு விசில எடுக்காதேயும் கண்டக்டரே" என்றார் லிங்கத்துரை. "இத்தனை வீட்டுக்கு எடம் விட்டா உம்ம வீடு போயிரும். என் வீட்டுல இன்னும் ஒரு சாண் கெடக்கு, எடுத்துக்கிடச் சொல்லுதேன். ஆனா அதுவும் உம்ம தலையிலதானவே வந்து முடியுது."

வெளியே வந்து நின்ற குடும்பங்களில் ஒரு பெரியவர், "நாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருதோம்" என்றார். சந்தனம் போய் அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அந்தப் பெஞ்சு அவனுக்குத் தெரியும்.

சேர்மக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "மொதல்ல ஏறுனவ நான். மொதல்ல எறங்குறேன். என் வீட்டப் பிரிச்சிருங்க, அண்ணாச்சி வீடு நிமிரட்டும்."

பேரின்பத்துக்கு வந்த கோபத்தைத் தெரு அதுவரை பார்த்ததில்லை. "ஏறுன ஆள நடுவழியில எறக்கி விட்டேன்னு எவனாவது என்னையச் சொல்லியிருக்கானா? இந்தா, உன் வீட்டு ஓலையில ஒரு ஈர்க்க உருவிப்பாரு தாயி, அப்புறம் தெரியும்!" என்று கத்திவிட்டு, கத்தின வாயை மூடாமல் தன் வீட்டைப் பார்த்தார். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நின்றது. அதற்கப்பால் பங்களாவைப் பார்த்தார். கருங்கல் சுவருக்குள், வேப்பமரங்களுக்கு நடுவில், காலை அகட்டிப் போட்டு, போர்ட்டிகோவை ஒரு பக்கம் வைத்து, கார் ஷெட்டை மறுபக்கம் வைத்து, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் வேட்டி மடிப்புக் கலையாத ஓர் ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பான். நாலு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீட்டில் ஐந்தாவது ஆளைத் திணிப்பார்களே தவிர, அந்தப் பையை எடுக்கச் சொல்ல எந்தக் கண்டக்டருக்கும் நாக்கு எழாது. பங்களா இருந்த இருப்பு அச்சு அசல் அதுதான்.

"அதுகிட்ட யாராச்சும் கேட்டோமா?" என்றார் பேரின்பம்.

அப்படி ஒரு கேள்வியே யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் நடந்தார். தெரு பின்னாலேயே நடந்தது. சட்டிபானைகள் நடந்தன, பிள்ளைகள் நடந்தன, தங்கபுஷ்பம் மாவுக்கையோடு நடந்தாள். பங்களா வாசலில் காரை நிறுத்திவிட்டு ஜேசிபியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த துரைப்பழம் முதலாளி, கூட்டத்தைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் டேப்பும் கையுமாக அதே சர்வேயர், வேலி அளக்க வந்தவர்.

"என்னவே, ஊர்வலமா?"

"ஆள் ஏறுது மொதலாளி. பங்களாவக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லணும்."

"என் பங்களாவயா? எங்கிட்டயே வந்து கேக்குத?"

"உங்ககிட்ட எங்க கேட்டேன்? அதுகிட்டல்லா கேக்கேன்."

முதலாளி ஜேசிபிக்குக் கையைக் காட்டினார். "எடுத்துட்டு வாடா, இவன் வீட்டத்தான் மொதல்ல" என்றார். மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு தெரு நெடுக வந்து, பேரின்பத்தின் வீட்டுக்கு முன்னால் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. தங்கபுஷ்பம் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "இடிக்கணும்னா இடி. ஆனா சாய்ஞ்ச வீடு, எந்தப் பக்கம் விழும்னு எனக்கே தெரியாது" என்றாள். டிரைவர் கொடுக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

பேரின்பம் பங்களாவின் கருங்கல் சுவருக்கு முன்னால் நின்றார். ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"சார். ஜன்னலோரம் சார். பைய எடுத்து மடியில வச்சிக்கிடுங்க. ஆள் நிக்குது."

விசிலை ஊதினார்.

புறாக்கள் மொத்தமும் எழும்பின. பங்களா தொண்டையைக் கனைத்தது. கனைத்துவிட்டு, யாராவது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்த ஆள் மாதிரி அப்படி ஓர் அவசரத்தோடு, போர்ட்டிகோவை உள்ளே இழுத்தது, கார் ஷெட்டை அக்குளில் இடுக்கியது, அகட்டி நின்ற தூண்களெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி காலைச் சேர்த்து நின்றன, காம்பவுண்டுச் சுவர் மடிந்து துண்டு மாதிரி அதன் தோளில் ஏறிக்கொண்டது. ஒரு சாண் இல்லை, இரண்டு சாண் இல்லை, வேப்பமரங்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுக் கிழக்கே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒல்லியாக ஓர் ஓரத்தில் போய் ஒடுங்கி உட்கார்ந்து, அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டது.

அந்தப் பெருமூச்சில் தெருவே மூச்சு விட்டது. இழுத்துப் பிடித்திருந்த சுவர்கள் தளர்ந்தன. அறுத்த கட்டில்கள் அகன்ற அறைகளுக்கு நடுவில் குட்டையாக நின்றன. இசக்கியம்மன் காலைத் தொங்கவிட்டாள். பேரின்பத்தின் வீடு முதுகை நிமிர்த்தி, படிக்கட்டிலிருந்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. சிக்கியிருந்த பின்வாசல் கதவு படாரென்று தானே திறந்துகொண்டது. அதற்கப்புறமும் பங்களா விட்டுப்போன மண், வேப்பமர நிழலோடு, ஒரு தெருவுக்கே போதுமானதாகக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறோம் என்ற பெரியவர் கையிலிருந்த பாயை அந்த நிழலில் விரித்தார்.

"பட்டா! என் பட்டா நிலம்!" என்று முதலாளி கத்தினார். "அளந்து பாரும்வே!"

சர்வேயர் அளந்தார். தண்டவாளத்திலிருந்து அளந்தார், பங்களாவிலிருந்து அளந்தார், டேப்பைத் துடைத்துவிட்டு அளந்தார். "ஒரு அங்குலம் குறையல மொதலாளி. உங்க எடம் உங்ககிட்ட அப்படியே இருக்கு" என்றார். "ஆனா ஆள் ஏறியிருக்கு." சொல்லிவிட்டு, சர்பத் கடை திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

முதலாளி தன் பங்களாவை நோக்கி நடந்தார். வழியெங்கும் மூட்டைமுடிச்சும் கூட்டமும், பனங்கட்டை தூக்கிவரும் லிங்கத்துரையும், கதவு தூக்கிவரும் சந்தனமும். பங்களா வாசல் ஓர் ஆள் உடம்பைத் திருப்பினால்தான் நுழையலாம் என்கிற அகலத்துக்கு வந்திருந்தது. அந்த வாசலிலும் இரண்டு கிழவிகள் வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. முதலாளி நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, சுற்றிலும் பார்த்து, அவர் வாயில் அதுவரை வராத ஒன்றைச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளுங்க."

"தாராளமா ஏறுங்க மொதலாளி" என்றார் பேரின்பம், பின்னாலிருந்து. "சீட்டுதான் இல்ல. நின்னுக்கிட்டு வரலாம்."

தங்கபுஷ்பம் பின்வாசல் வழியாக உள்ளே போய் முன்வாசல் வழியாக வெளியே வந்தாள், சும்மா, நேராக நடந்து, கையை வீசிக்கொண்டு. ஜேசிபி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கியிருந்த டிரைவர், மீசையைத் தடவிக்கொண்டு ஒருபக்கமாக ஒதுங்கி நின்றவன், மெதுவாக வந்து பேரின்பத்தின் பக்கத்தில் நின்றான்.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய. எங்களையும் காலி பண்ணச் சொல்லியிருக்காவ. பெரிய தெரு. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

பேரின்பம் விசிலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எந்த ஸ்டாப்பு?" என்றார்.